டாக்டரைப் பார்க்கப் போகுமுன்: ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு

நம் ஊர் கிளினிக்கில் டாக்டரின் அறைக்குள் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐந்து நிமிடம். அதற்காக ஒன்றரை மணி நேரம் டிவி இரைச்சலிலும் ஃபினாயில் வாடையிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே போகும்போதே பாதித் தெம்பு போயிருக்கும். "என்ன பண்ணுது?" என்று கேட்டதும் வாயில் வருவது, "ஒண்ணுமில்ல டாக்டர், லேசா வயித்து வலி." மூன்று மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த வலி இப்படித்தான் 'லேசா' ஆகிவிடுகிறது.

அறைக்குள் பேச வேண்டியதில் முக்கால்வாசியை வீட்டிலேயே தாளில் எழுதி முடித்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். கீழே வரும் முறை அரசு மருத்துவமனை ஓபி, தெருமுனை கிளினிக், தனியார் லேப் மூன்றையும் மனத்தில் வைத்து எழுதியது. சிறுவயதிலேயே ஆட்டிசம் என்று தெரிந்தவர்கள், நாற்பது வயதில் தெரிந்துகொண்டவர்கள், சான்றிதழ் எதுவும் இல்லாமல் 'எனக்கும் இருக்குமோ' என்று நினைப்பவர்கள், எல்லோரும் பயன்படுத்தலாம்.

ஒரு வாரம் முன்பே: உடம்பைக் குறித்து வைப்பது

பசி, தாகம், வலி, சிறுநீர் முட்டுவது போன்ற உள்ளுடல் உணர்வுகள் ஆட்டிசம் உள்ள பலருக்குத் தாமதமாகத் தெரியும், அல்லது எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாது. அதனால் "வலி பத்துக்கு எத்தனை?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைப்பது கடினம். எண்ணைத் தேடாதீர்கள். வலியால் எது நின்றுபோனது என்று எழுதுங்கள். 'செவ்வாய் இரவு 2 தடவை எழுந்து உட்கார்ந்தேன்.' 'மாடிப்படியில் பாதியில் நின்றேன்.' 'இரண்டு நாள் தலை வாரவில்லை, கையைத் தூக்க முடியவில்லை.' எந்த டாக்டருக்கும் இது புரியும்.

அளக்கக்கூடியதை அளந்துவிடுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்பதைவிட 'புதன் மாலை 6 மணி, 101.2' என்பது மேல். தோலில் தடிப்பு வந்தால் அன்றே பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து. டாக்டரிடம் போகும் நாளில் தடிப்பு மறைந்திருக்கும், அது எப்போதும் அப்படித்தான். எத்தனை தடவை மலம் போனது, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாதவிடாய் வருபவர்கள் கடைசியாக வந்த தேதி, இவ்வளவும் போதும். ஏழு நாளுக்கு ஏழு வரி.

கேள்வியில் உள்ள பொறி

டாக்டர் கேட்பது ஒன்று, வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் வேறொன்று. நோய் தவறிப்போவது அதிகமும் இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"இப்ப வலி இருக்கா?" அந்த நொடியில் வலி இல்லை, எனவே "இல்லை" என்பீர்கள். அவர் குறித்துக்கொள்வது: வலி போய்விட்டது. கேள்வியின் உண்மையான பொருள், 'இந்த நாட்களில் வலி வந்து வந்து போகிறதா?' சரியான பதில்: "இந்த நிமிஷம் இல்ல. தினமும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வருது."

"காய்ச்சல் இருந்துச்சா?" அளக்காதவர் நேர்மையாக "தெரியாது" என்பார், அல்லது "இல்லை" என்பார். கேட்பது உடம்பு சுட்டதா, நடுங்கியதா, வியர்த்ததா என்பதையும் சேர்த்து.

"வேற ஏதாவது பிரச்சினை இருக்கா?" உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினையும் மனதில் வரிசை கட்டி நிற்கும், அதில் எதைச் சொல்வது என்று வாய் அடைத்துப்போகும். இதற்கு வாயைத் திறக்கவே வேண்டாம், தாளைக் காட்டுங்கள்.

"நல்லா சாப்பிடறீங்களா?" வழக்கமாக நான்கே வகை உணவு சாப்பிடுபவர் "ஆமா" என்பார், ஏனென்றால் அந்த நான்கையும் நன்றாகவே சாப்பிடுகிறார். தயிர்சாதம், இட்லி, ரஸ்க், வாழைப்பழம் மட்டும்தான் என்பதை எழுதிக் கொடுங்கள். ரத்தசோகை, வைட்டமின் பி12, டி குறைபாடு பக்கம் டாக்டரின் கவனம் திரும்ப அந்த ஒரு வரி போதும்.

முகமும் பொய் சொல்லும். கடுமையான வலியில் முகத்தில் எதுவும் தெரியாமல் இருப்பது, பதற்றத்தில் சிரிப்பது, மனப்பாடம் செய்ததுபோல் தெளிவாகப் பேசுவது, இதையெல்லாம் பார்த்து 'பெரிதாக ஒன்றும் இல்லை' என்று முடிவு செய்துவிடுவார்கள். சலவைச் சட்டையும் தெளிவான பேச்சுமாகப் போகும் ஆளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். "என் முகத்தைப் பார்த்து வலியை அளக்காதீங்க" என்ற வரி உங்கள் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரு பக்கத் தாள்

ஏ4 தாள், ஒரே பக்கம், பெரிய எழுத்து. இரண்டு பக்கம் போனால் படிக்கமாட்டார்கள். நர்ஸுக்கும் அட்டெண்டருக்கும் தமிழ் எளிது, ஃபைலில் சேரும்போது ஆங்கிலம் உதவும். முடிந்தால் ஒருபுறம் தமிழ், மறுபுறம் அதே விஷயம் ஆங்கிலத்தில். மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள்: டாக்டருக்கு ஒன்று, நர்ஸுக்கு ஒன்று, உங்கள் கைக்கு ஒன்று. மாதிரி:

'எனக்கு ஆட்டிசம் உள்ளது. காது கேட்கும், பேச்சு புரியும். பதில் சொல்ல 10 விநாடி வரை ஆகும், காத்திருக்கவும். பதற்றம் கூடினால் பேச்சு நின்றுவிடும், அப்போது எழுதிக் காட்டுவேன். தொடும் முன் எங்கே தொடப் போகிறீர்கள் என்று சொல்லவும். கையை ஆட்டுவது, முன்னும் பின்னும் அசைவது எனக்கு நிதானம் தரும், நிறுத்தச் சொல்ல வேண்டாம். என் முகத்தைப் பார்த்து வலியை அளக்க வேண்டாம்.

இன்று வந்த காரணம்: (ஒரே வரி)
எப்போதிலிருந்து: (தேதி)
எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது:
சாப்பிடும் மருந்துகள், அளவோடு:
ஒத்துக்கொள்ளாத மருந்துகள்:
இன்று எனக்குப் பதில் வேண்டிய 3 கேள்விகள்:'

கேள்வி மூன்றுக்கு மேல் வேண்டாம். முக்கியமானதை முதலில் எழுதுங்கள், மூன்றாவதற்கு நேரம் இருக்காது. மருந்துப் பட்டியலில் ஹோமியோபதி, சித்த மருந்து, ஜிம்மில் குடிக்கும் பவுடர், தூக்கத்துக்கு என்று நீங்களே வாங்கிப் போடும் மாத்திரை எல்லாம் சேர வேண்டும். 'டாக்டர் கொடுத்ததா?' என்று மனம் நேர்பொருளில் வடிகட்டிவிடும், அதனால்தான் தனியாகச் சொல்கிறோம்.

ஆட்டிசம் என்ற சொல்லைச் சொல்லத்தான் வேண்டுமா? நிரந்தரமாகப் பார்க்கும் டாக்டரிடம் சொல்வது நல்லது. ஒரே ஒரு தடவை போகும் லேப்பில் தேவையில்லை. "சிஸ்டர், எனக்கு டியூப்லைட் வெளிச்சம், சத்தம் ரெண்டும் ஒத்துக்காது. ஊசி போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றால் காரியம் நடந்துவிடும். பெயர் சொல்லி விளக்கப் போய், "பார்த்தா அப்படித் தெரியலையே" என்ற விவாதத்தில் உங்கள் சக்தி கரைய வேண்டாம்.

டோக்கனும் நேரமும்

தனியார் கிளினிக்கில் முதல் டோக்கனைக் கேளுங்கள். முதல் ஆளுக்குக் காத்திருப்பு குறைவு, டாக்டரும் களைத்திருக்கமாட்டார். கிடைக்காவிட்டால் கடைசி டோக்கன். அப்போது கூட்டம் வடிந்திருக்கும், ஆனால் டாக்டரும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பார். மாலை கிளினிக் என்றால் 'ஆறு மணி' என்பது ஆறு மணி அல்ல. அரசு மருத்துவமனை டியூட்டி முடித்து வருபவர் ஏழுக்கும் வரலாம். இது தெரியாமல் சரியாக ஆறுக்குப் போய் உட்கார்ந்து திட்டம் குலைந்து போனவர்கள் பலர். கிளம்பும் முன் போன் செய்து, "டாக்டர் வந்தாச்சா, எத்தனாவது நம்பர் ஓடுது?" என்று கேளுங்கள். போன் பேசுவது கஷ்டம் என்றால் கிளினிக் எண்ணுக்கு வாட்ஸ்அப் இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது இந்த ஒரு வேலையை மட்டும் வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

அரசு ஓபி காலையில்தான். ஓபி சீட்டு வரிசை, டாக்டர் வரிசை, ரத்தம் எடுக்க ஒரு வரிசை, மருந்து வாங்க ஒரு வரிசை என்று நான்கு வரிசைக்குத் தயாராகப் போங்கள். திங்கட்கிழமையும் விடுமுறைக்கு மறுநாளும் தவிர்க்கலாம். முதல் தடவை டாக்டரைப் பார்க்க ராகுகாலத்தில் கிளம்பாதவர்கள் உண்டு. அதில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அது ஒரு சௌகரியம்.

உள்ளே உட்கார முடியாவிட்டால் வெளியே மரத்தடியிலோ வண்டி அருகிலோ நின்றுகொண்டு, "அக்கா, நான் வாசல்ல நிக்கிறேன், எனக்கு ரெண்டு நம்பர் முன்னாடி கூப்பிடுங்க" என்று ரிசப்ஷனில் சொல்லிவிடுங்கள். கூப்பிட மறந்துவிடுவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டுங்கள்.

சட்டம் இதில் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 25ஆம் பிரிவு சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டை) இருந்தால் அட்டெண்டரிடம் காட்டி மெதுவாகக் கேளுங்கள். சட்டப் பிரிவைச் சத்தமாகச் சொன்னால் வரிசை நகராது. "உடம்புல ஒண்ணும் தெரியலையே" என்றால், "இது மூளை சம்பந்தப்பட்டது சார், அட்டையில எழுதியிருக்கு" என்ற ஒரு வரி போதும். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ள நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் நேரில் போக வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள் காணொளி, குரல், எழுத்து மூன்று வழியிலும் டாக்டர் ஆலோசனை தரலாம் என்கின்றன. பழைய மருந்தைத் தொடர்வது, ரிப்போர்ட் காட்டுவது போன்றவற்றுக்கு எழுத்திலேயே முடியுமா என்று உங்கள் டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி இலவசம்.

பையும் உடுப்பும்

பல கிளினிக்குகளில் செருப்பை வாசலில் விட வேண்டும். ஈரமான, குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நிற்பது சிலருக்கு அன்றைய நாளையே கெடுத்துவிடும். ஒரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும். கை மேலே ஏறக்கூடிய தொளதொளச் சட்டை, சட்டையும் பேண்டும் தனித்தனியாக. ஒரே துண்டு உடுப்பு போட்டுக்கொண்டு போனால் ஸ்கேன் மேசையில் அவஸ்தை. காதடைப்பான் அல்லது ஹெட்போன், தொப்பி, தண்ணீர், உங்களுக்குப் பழகிய ஒரு தின்பண்டம், சார்ஜர், பழகிய வாசனை உள்ள கைக்குட்டை. பழைய ரிப்போர்ட்டுகள் ஃபைலில், புதியது மேலே. மாத்திரை அட்டைகளைப் பெயர் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டால் அட்டையைத் தூக்கிப்போக வேண்டாம்.

கூட வருபவர்

அம்மாவோ அண்ணனோ கூட வந்தால் டாக்டர் அவரிடமே பேசுவார்: "இவருக்கு என்ன?" இருபத்தெட்டு வயது ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே. வீட்டிலேயே உடன்பாடு செய்துகொள்ளுங்கள். கூட வருபவர் கொஞ்சம் பின்னால் உட்கார வேண்டும். கேள்வி வந்தால், "அவங்களே சொல்லுவாங்க டாக்டர், கொஞ்சம் டைம் எடுக்கும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்வது அவருடைய முக்கிய வேலை. நீங்கள் மேசையை இரண்டு முறை தட்டினால் அவர் பேச்சை எடுத்துக்கொள்ளலாம் என்பது போல ஒரு சைகையும் வேண்டும். அவர் முன்னால் சொல்ல விரும்பாத விஷயம் இருந்தால் தாளின் கீழே 'தனியாகப் பேச வேண்டும்' என்று எழுதுங்கள், டாக்டரே அவரை வெளியே அனுப்புவார்.

உள்ளே போனதும்

உட்காரும் முன் தாளை நீட்டுங்கள். "டாக்டர், எல்லாம் இதுல எழுதியிருக்கேன், ஒரு நிமிஷம் படிச்சிருங்க." அதன் பிறகு பேசாதீர்கள். அவர் படிக்கும்போது பேசினால் இரண்டும் போகும். அரசு ஓபியில் அடுத்த நோயாளி உங்கள் தோளுக்குப் பின்னாலேயே நிற்பார், "அவங்க கொஞ்சம் வெளிய நிக்கட்டுமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, மேசையில் உள்ள தாளைப் பார்த்துப் பேசினால் போதும். உடலைப் பரிசோதிக்கும்போது பெண்கள் பெண் மருத்துவரையோ, அறையில் ஒரு நர்ஸ் இருப்பதையோ கேட்கலாம்.

பரிசோதனைகள், ஒவ்வொன்றாக

பிபி: காஃபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போடாமல், பேசாமல் இருக்கும்போது எடுத்தால்தான் சரியான எண். வெயிட்டிங் ஹாலில் இருந்து எழுந்து வந்ததும் எடுத்தால் ஏறித்தான் காட்டும், அதற்கே மாத்திரை எழுதிவிடக்கூடும். வீட்டில் ஒரு வாரம் காலை மாலை எடுத்த எண்களைக் கொண்டு போங்கள். கையை இறுக்கும் பட்டை தாங்கமுடியாதவர்கள் கையால் காற்றடிக்கும் கருவியைக் கேளுங்கள். தானியங்கி, ஒருமுறை தப்பினால் மறுபடி முதலிலிருந்து இன்னும் இறுக்கும்.

ரத்தம்: வெறும் வயிறு என்றால் 8 முதல் 12 மணி நேரம், வெறும் தண்ணீர் குடிக்கலாம், குடித்தால் நரம்பு எளிதில் கிடைக்கும். காஃபி கூடாது. காலைக் காஃபி தவறினால் நாளே தடம்புரளும் ஆள் என்றால் லேப் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். சாப்பிட்ட பின் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கு முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து 2 மணி நேரம். தெரியாத ஓட்டல் வேண்டாம், வீட்டு இட்லியைக் கட்டிக்கொண்டு போங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள், அதற்குப் பட்டினியும் வேண்டாம், இரண்டாவது குத்தலும் வேண்டாம். எழுதிய எல்லாப் பரிசோதனைக்கும் ஒரே குத்தலில் எடுக்கச் சொல்லுங்கள். ஊசி பயம் கடுமையாக இருந்தால் லிக்னோகைன்-பிரிலோகைன் கலந்த மரத்துப்போகும் க்ரீமை டாக்டரிடம் கேட்டு வாங்கி, சொன்ன இடத்தில் தடிமனாகத் தடவி மேலே பிளாஸ்டிக் ஒட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும். பத்து நிமிடம் முன்பு தடவிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்களே அதிகம். மயக்கம் வரும் பழக்கம் இருந்தால் முதலிலேயே சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள்.

அல்ட்ராசவுண்ட்: வயிற்றின் மேல்பகுதிக்குப் பட்டினி, அடிவயிற்றுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். 'முட்டினதும் சொல்லுங்க' என்பார்கள். முட்டுவதே தெரியாதவர்கள் கடிகாரத்தை வைத்துக் குடியுங்கள்: சுமார் 1 லிட்டரை ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன் முடித்துவிட்டு, மணியைச் சொல்லிவிடுங்கள். தடவும் ஜெல் சில்லென்று வழவழவென்று இருக்கும். துடைக்க உங்கள் சொந்தத் துண்டு.

இசிஜி இரண்டு மூன்று நிமிடம்தான், ஆனால் மார்பில் ஒட்டும் குமிழ்களும் கை கால் கவ்விகளும் குளிரும்.

எம்ஆர்ஐ: குறுகிய குழாய்க்குள் 20 முதல் 45 நிமிடம் அசையாமல், தட்டுவதும் அரைப்பதுமான பெரும் சத்தத்தில். முந்தைய வாரமே அந்தச் சத்தத்தின் பதிவைக் கேட்டுப் பழகுங்கள், கட்டிலில் 20 நிமிடம் அசையாமல் படுத்துப் பாருங்கள். தோடு, மெட்டி, தாலிச் செயின், வெள்ளி அரைஞாண், தாயத்து, ஹேர்பின் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது. கழற்ற முடியாதது ஏதும் இருந்தால் முன்கூட்டியே போனில் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நிமிடம் என்று மைக்கில் அறிவிக்கச் சொல்லுங்கள், அது பெரிய ஆறுதல். கையில் தரும் பந்தை அழுத்தினால் நிறுத்துவார்கள். மயக்க மருந்து கொடுத்து எடுக்க ஏற்பாடு செய்தால் அதற்குத் தனிப் பட்டினியும் துணைக்கு ஒரு ஆளும் வேண்டும். சிடி ஸ்கேன் இவ்வளவு நேரம் ஆகாது, பெரும்பாலும் சில நிமிடங்கள்.

எழுந்திருக்கும் முன்

"ரெண்டு நாள் பார்த்துட்டு வாங்க", "வலிச்சா மட்டும் போடுங்க", "நிறையத் தண்ணி குடிங்க." இவை உத்தரவுகளே அல்ல, எண் சேர்த்தால்தான் உத்தரவு. ஒவ்வொன்றுக்கும் எண் கேளுங்கள். எந்தத் தேதி வரணும்? ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை மாத்திரை, இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம்? எத்தனை லிட்டர்? எது நடந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வரணும்? கடைசிக் கேள்விதான் மிக முக்கியம், பதிலை எழுதி வாங்குங்கள்.

சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். 'சாப்பாட்டுக்கு முன்' என்பது பெரும்பாலும் அரை மணி நேரம், உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய மாத்திரை தொண்டையில் நிற்கும், சிரப்பின் சுவை குமட்டும் என்றால் மருந்துக் கடையில் சொல்லிப் பயனில்லை, டாக்டரிடமே சொல்லி வேறு வடிவம் கேளுங்கள். பெயருக்குப் பின் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் பொடித்துத் தின்னக்கூடாது; மெதுவாக வெளியேற வேண்டிய மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். அடுத்த மாதம் கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை தருவார், நிறமும் அளவும் மாறியிருக்கும். அட்டையில் உள்ள மருந்தின் மூலப்பெயரும் மில்லிகிராமும் அதேதானா என்று பார்த்து, பழகிய கம்பெனியே வேண்டும் என்றால் நான்கு நாள் முன்பே சொல்லி வையுங்கள்.

வீடு திரும்பியதும்

அன்று வேறு எந்த வேலையும் வைக்காதீர்கள். அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்பு போதாது, முழுநாள் போடுங்கள். அழுகையோ, பேச்சு நின்றுபோவதோ கிளினிக்கில் வராமல் வீட்டுக்கு வந்தபின் மாலையில் வரக்கூடும். வீட்டில் இருப்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் 'டாக்டர் என்னமோ சொல்லிட்டார்' என்று அவர்கள் பதறுவார்கள். இருட்டறை, போர்வை, பழகிய சாப்பாடு.

தாளின் சுருக்கத்தை மொபைலின் அவசரத் தகவல் பகுதியிலும் ஏற்றிவிடுங்கள், போன் பூட்டியிருந்தாலும் 108 ஆம்புலன்ஸ்காரர் திறந்து பார்க்கலாம். மறுநாள், எல்லாம் தணிந்தபின், தாளை எடுத்து அறையில் யாரும் கண்டுகொள்ளாத வரியை அடியுங்கள், டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்ட விஷயத்தைச் சேருங்கள், மூலையில் தேதி போட்டு ஃபைலின் முதல் பக்கமாக வையுங்கள்.